எம்ஜிபிக்குள் வி8: இன்ஜின் இறங்கிவிடும், சூடு எங்கே போகும்?

கேள்வி: என்னிடம் 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிவான கார். 1798 சிசி இன்ஜின் புகைகிறது, மேம்பாலம் ஏறும்போது திணறுகிறது. ஜொகூரில் ஒருவரிடம் ரோவர் 3.5 லிட்டர் வி8, ஐந்து கியர் பெட்டியோடு விலைக்கு வந்திருக்கிறது. "போடுவதுதான் போடுகிறாய், 4.6 லிட்டராகப் போடு" என்கிறார் ஒரு நண்பர். "நிசான் எஸ்ஆர்20 டர்போ இன்ஜினை ஹாஃப்-கட்டாக (வெட்டிய முன்பாதிக் காரோடு) வாங்கு, வேலை சுலபம்" என்கிறார் இன்னொருவர். பட்டறைக்காரர் இரண்டே வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா? எதில் தொடங்குவது? – தெம்பனிஸ் வாசகர்

பதில்: வணக்கம். செய்யலாம். எம்ஜிபியில் ரோவர் வி8 உட்காருமா என்ற கேள்விக்கு ஐம்பது ஆண்டுக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. இங்கிலாந்தில் கென் கோஸ்டெல்லோ தம் பட்டறையில் அப்படிக் கட்டி விற்றார். பிறகு தயாரிப்பு நிறுவனமே 1973 முதல் 1976 வரை எம்ஜிபி ஜிடி வி8 என்று 2,591 கார்களை வெளியிட்டது. 3528 சிசி, 137 குதிரைத்திறன். உங்கள் இன்ஜின் புதிதாக இருந்தபோது தந்தது 95. முறுக்குவிசைதான் பெரிய வித்தியாசம்: உங்களுடையது 149 நியூட்டன் மீட்டர், வி8 தந்தது 262. எட்டு சிலிண்டர் என்றால் மூக்கு கனத்து ஸ்டீரிங் கெட்டுவிடும் என்று பலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். உங்கள் பி-சீரிஸ் (இப்போதைய 1798 சிசி இன்ஜின்) முழுக்க வார்ப்பிரும்பு, ரோவரின் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். தராசில் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எடைதான்.

ஆனால் கோஸ்டெல்லோ கட்டிய கார்கள் ஓடிய ஊரில் ஜூலையில்கூட நம் டிசம்பர் மாத வெயில் இருக்காது. இங்கே மாலை ஆறரைக்கு மத்திய விரைவுச்சாலையில் 31 டிகிரியில் இருபது நிமிடம் ஊர்ந்து போகும்போது அந்த இன்ஜினின் சூடு எங்கே வெளியேறும்? சிங்கப்பூரில் இந்த வேலையின் வெற்றி தோல்வி அதில்தான் இருக்கிறது. இன்ஜினைத் தேர்வது முதல் எக்ஸாஸ்ட் வளைப்பது வரை நான் சொல்லப்போகும் பலவும் இந்த ஒரு காரணத்தைச் சுற்றியே வரும்.

அதற்கு முன் காகிதம். காரின் பதிவில் இன்ஜின் எண்ணும் கொள்ளளவும் இருக்கின்றன. அவற்றை மாற்றும் எந்த வேலைக்கும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். வேலையை முடித்துவிட்டுக் கேட்பது முறையல்ல. அனுமதியில்லாத மாற்றத்துக்கு அபராதமோ சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பத்து வயதைத் தாண்டிய சாதாரணக் கார் ஆண்டுதோறும் விக்கோம், எஸ்டிஏ, ஜேஐசி போன்ற மையங்களில் சோதனைக்குப் போக வேண்டும். அங்கே பானெட்டைத் திறந்ததும் தெரிந்துவிடும். ஆகவே ஜொகூர்க்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆணையத்துக்கு எழுதுங்கள். கடிதத்தில் மூன்று கேள்விகள் தெளிவாக இருக்கட்டும்: இந்த மாடலில் இந்த இன்ஜினை ஏற்பார்களா, ஏற்றால் கிளாசிக் பதிவு அப்படியே தொடருமா, என்னென்ன சோதனை அறிக்கைகள் வேண்டும். தயாரிப்பாளரே இதே உடலில் 3528 சிசி வி8 போட்டு விற்றார் என்பதற்கான அந்தக் காலத்து விவரத்தாளை இணையுங்கள். உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான வாதம் அதுதான். எஸ்ஆர்20க்கு அப்படிக் காட்ட ஒன்றுமே கிடையாது.

கிளாசிக் பதிவு தொடருமா என்பதை ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கச் சொல்கிறேன் என்றால், பணக்கணக்கு அங்கேதான் திரும்புகிறது. அந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம், சாலை வரி 310 வெள்ளிதான். அதிலிருந்து வெளியே வந்துவிட்டால் சிசி கணக்குக்குப் போய்விடுவீர்கள். 1798 சிசிக்கு ஆண்டுக்குச் சுமார் 975 வெள்ளி, 3528 சிசிக்குச் சுமார் 3,210 வெள்ளி. கார் 14 வயதைத் தாண்டியது என்பதால் அதன்மேல் 50 விழுக்காடு கூடி 4,800 வெள்ளியைத் தாண்டும். வாகன உரிமைச் சான்றிதழ் செலவு அதற்கும் மேல். எழுத்தில் பதில் வரும் வரை ஒரு போல்ட்டையும் கழற்றாதீர்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் இன்ஜின் மாற்றத்தைத் தெரிவித்து அவர்களின் ஒப்புதலையும் எழுத்தில் வாங்குங்கள். சொல்லாமல் ஓட்டி ஒரு விபத்து நடந்தால் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு அதுவே போதும்.

பதில் வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். இப்போதைய இன்ஜின் ஏன் புகைகிறது என்று பாருங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுதாகத் திறந்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் (கம்ப்ரஷன்) அளங்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் எண்ணெய் விட்டு மறுபடி எடுங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. சிங்கப்பூரில் 1998 ஜூலையோடு ஈயப் பெட்ரோல் நின்றுபோனது. ஹெட்டில் கடினமான வால்வு இருக்கை அதற்குப் பிறகு யாரும் போடவில்லை என்றால் எக்ஸாஸ்ட் வால்வுகள் ஹெட்டுக்குள் அமிழ்ந்துகொண்டே போயிருக்கும். டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி) அடிக்கடி குறைவதே அதன் அடையாளம். 60 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் அறுபது பங்கு) பெரிதாக்கிய சிலிண்டர், புதிய பிஸ்டன், பெரிய இன்லெட் வால்வும் கடினமான இருக்கையும் போட்ட ஹெட், சரியாக டியூன் செய்த கார்புரேட்டர், ஐந்து கியர் பெட்டி என்று செய்தால் இதே இன்ஜினிலிருந்து 110 குதிரைத்திறனுக்கு மேல் எடுக்கலாம். மேம்பாலம் திணறாது, காரின் சுபாவமும் மாறாது. இதிலும் கொள்ளளவு 1868 சிசி ஆகிவிடுகிறது என்பதால் அதையும் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆண்டுக்கு 45 நாள் மட்டும் ஓட்டும் காருக்கு இது போதும் என்பதே என் எண்ணம். ஆனாலும் வி8இன் இழுப்பை ஒருமுறை உணர்ந்தவருக்கு இதைச் சொல்லிப் பயனில்லை என்பதும் தெரியும். எனவே மேலே போவோம்.

எந்த இன்ஜின்? 3.5 லிட்டர்தான். 4.6இன் மீது எனக்கு வெறுப்பு இல்லை, ஆனால் நம் வெயிலுக்கு அது தவறான தேர்வு. 3.5இன் சிலிண்டர் துளை 88.9 மிமீ. 3.9, 4.0, 4.6 மூன்றுக்கும் 94 மிமீ. பிளாக்கின் வெளியளவு மாறவில்லை, துளைதான் பெரிதாயிற்று. அதனால் சிலிண்டருக்குள் செருகிய இரும்புக் குழாயான லைனருக்குப் பின்னால் இருக்கும் அலுமினியச் சுவர் மெலிந்துவிட்டது. ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டால் அந்தச் சுவர் லைனருக்குப் பின்னால் விரிசல் விடும், லைனர் தளர்ந்து மேலும் கீழும் நகரும், தண்ணீர் காரணம் தெரியாமல் குறையும். வெளியே சொட்டும் இருக்காது. 3.5 இந்த விஷயத்தில் மிகவும் பொறுமையான இன்ஜின். எஸ்ஆர்20 நல்ல இன்ஜின்தான், எடையும் குறைவு. ஆனால் டர்போவுக்கு இன்டர்கூலர் வேண்டும். எம்ஜிபியின் சின்ன முன்வாயில் அது ரேடியேட்டருக்கு முன்னால் நின்று வரும் காற்றை வாங்கிக்கொள்ளும். சம்ப் (அடி எண்ணெய்த் தொட்டி), மவுண்ட், வயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் புதிதாகக் கட்ட வேண்டியவை. "சுலபம்" என்று சொன்ன நண்பர் இன்ஜின் விலையை மட்டும் பார்த்திருக்கிறார்.

ஜொகூருக்குப் போகும்போது கம்ப்ரஷன் கேஜ், டயல் கேஜ், டார்ச் மூன்றும் எடுத்துப் போங்கள். எட்டு சிலிண்டரின் கம்ப்ரஷனுக்குள் 10 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ராக்கர் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். எண்ணெய் மாற்றாமல் ஓட்டிய ரோவர் வி8இல் கறுத்த களிம்பு அப்பிக்கிடக்கும். அதைப் பார்த்தால் விலை குறைத்தாலும் வேண்டாம். இந்த இன்ஜினில் முதலில் தேய்வது வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட். ஒவ்வொரு வால்வும் எவ்வளவு எழுகிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்து எழுதுங்கள். பதினாறில் இரண்டு மூன்று மட்டும் குறைவாக எழுந்தால் கேம் லோப் (அந்தத் தண்டின் புடைப்பு) தேய்ந்திருக்கிறது, கேமும் லிஃப்டரும் மொத்தமாக மாற்றியாக வேண்டும். ஆட்டோ கியர் காரிலிருந்து இறக்கிய இன்ஜினா என்றும் கேளுங்கள். அப்படியென்றால் மேனுவல் ஃப்ளைவீல் இருக்காது. கிராங்க் நுனியில் கியர்பாக்ஸ் தண்டு உட்காரும் புஷ்ஷும் இருக்காது. அந்தச் சின்னப் புஷ் இல்லாமல் பூட்டினால் கிளட்ச் இழுத்துக்கொண்டே இருக்கும், பெட்டியின் முன் பேரிங் சீக்கிரம் கத்தத் தொடங்கும். கடைசியாக, இன்ஜின் எண் எழுதிய ரசீது. அது இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவரவும் முடியாது, பதிவில் ஏற்றவும் முடியாது.

இனி உடல். 1974இன் பிற்பகுதியில் கறுப்பு ரப்பர் பம்பர் வந்த பிறகு தயாரான உடல்களில் வி8க்கு ஏற்ற மவுண்ட் இடங்கள் வந்துவிட்டன. உங்களுடையது குரோம் பம்பர் கார். பழைய மவுண்டை வெட்டி எடுத்து, வி8 மவுண்டைச் சட்டத்தில் வெல்ட் செய்ய வேண்டும். வெல்ட் செய்யும் சட்டம் முதலில் நல்ல இரும்பாக இருக்க வேண்டும். சில்லின் (கதவுக்கு அடியில் நீளும் பெட்டித் தகடு) உள்பக்கம், ஜாக் வைக்கும் இடம், முன் சட்டத்தின் அடி, ஸ்பிரிங் மாட்டும் கொக்கி ஆகியவற்றை ஸ்குரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். நம் ஈரப்பதத்தில் மேலே பளபளக்கும் பெயின்ட்டுக்கு உள்ளே துரு தின்றிருப்பது சாதாரணம். ஒன்றேமுக்கால் மடங்கு முறுக்குவிசையை அந்த உடலில் ஏற்றினால் கதவு இடைவெளிகள் மாறத் தொடங்கும். துரு இருந்தால் இன்ஜினுக்கு வைத்த பணத்தை அங்கே போடுங்கள்.

பொருத்திப் பார்க்க முழு இன்ஜின் வேண்டாம். காலி பிளாக், ஹெட், காலி கியர்பாக்ஸ் கூடு போதும். இருவரே தூக்கி இறக்கலாம். பத்துமுறை இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும். இடைவெளியைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், களிமண் உருண்டை வைத்து பானெட்டை மூடித் திறந்து அதன் கனத்தை அளங்கள். ரப்பர் மவுண்டில் வி8 ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது ஒரு பக்கமாகப் புரளும், அதனால் எங்கும் குறைந்தது 12 மிமீ விடுங்கள். வலப்பக்க ஸ்டீரிங் உள்ள நம் கார்களில் ஸ்டீரிங் தண்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டி இறங்குகிறது. அங்கே 15 மிமீயும் நடுவில் ஒரு தகடும் வேண்டும். உராயும் ஸ்டீரிங்கோடு யாரும் விரைவுச்சாலைக்குப் போகக் கூடாது. கார்புரேட்டர் உயரம் அடுத்த தலைவலி. தொழிற்சாலை வி8இல் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களையும் பின்னுக்குத் தள்ளி வைத்து பானெட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டார்கள். கோஸ்டெல்லோ பானெட்டில் ஒரு புடைப்பு வைத்தார். ரோவர் எஸ்டி1 காரின் மேனிஃபோல்டை அப்படியே வைத்தால் பானெட் மூடாது. உயரம் குறைந்த மேனிஃபோல்டும் ஒரே நான்கு-துளைக் கார்புரேட்டரும் வைப்பது இன்று பலரும் போகும் வழி. ஏர் ஃபில்டரையும் சேர்த்து அளக்க மறந்துவிடாதீர்கள். பலருக்கு அங்கேதான் சறுக்குகிறது.

எக்ஸாஸ்ட் எப்படிப் போகிறது என்பதில்தான் சூட்டுப் பிரச்சினை பாதி தீரும். பிளாக்கை ஒட்டி இறங்கும் குட்டை மேனிஃபோல்டு போட்டால் வெட்டு வேலை குறையும், ஆனால் எட்டுக் குழாய்களின் சூடும் பானெட்டுக்குள்ளேயே அடைபடும். 1990களில் வந்த எம்ஜி ஆர்வி8 மாடலில் குழாய்களை இன்னர் விங்கை (இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டை) துளைத்துச் சக்கரக் குழிக்குள் கொண்டுபோனார்கள். சிங்கப்பூருக்கு இதுவே சரி. வெட்டிய துளையின் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் வெல்ட் செய்து வலுவூட்டுங்கள், ஏனென்றால் இன்னர் விங் அந்த உடலின் பலத்தைத் தாங்கும் தகடு.

இப்போது ரேடியேட்டர். ஐட்லிங்கில் எரியும் பெட்ரோல் ஏறக்குறைய கொள்ளளவோடு சேர்ந்தே கூடும். நின்ற இடத்தில் உங்கள் பழைய இன்ஜினைவிட இரண்டு மடங்குக்கு அருகில் சூட்டை இது கொட்டும், காற்றோ வராது. தொழிற்சாலை வி8இல் ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளி இரண்டு மின்விசிறி வைத்தார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள், ஆனால் விசிறிகளை ரேடியேட்டருக்குப் பின்னால் வைத்துக் காற்றை இழுக்க விடுங்கள். சுற்றிலும் தகட்டுக் கூடு கட்டாயம். கூடு இல்லாத விசிறி தன் வட்டத்துக்கு முன்னால் இருக்கும் பகுதியை மட்டுமே குளிர்விக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். தெர்மோஸ்டாட் 82 டிகிரி போதும். அதைக் கழற்றி எறிந்தால் சூடு குறையும் என்ற நம்பிக்கை இங்கே பல பட்டறைகளில் உண்டு. தண்ணீர் கட்டுப்பாடில்லாமல் ஓடி ஹெட்டின் சில இடங்களில் நீராவிக் குமிழ் தங்க அதுவே வழி செய்யும். விரிவுத் தொட்டி இன்ஜினின் மிக உயர்ந்த இடத்தைவிட மேலே இருக்க வேண்டும். தண்ணீர் நிரப்பும்போது காரின் மூக்கைத் தூக்கி வைத்து, ஹீட்டர் வால்வைத் திறந்து, காற்று முழுவதும் வெளியேறும் வரை காத்திருங்கள். முதல் வாரத்தில் கொதிக்கும் வி8களில் பல வெறும் காற்றடைப்பால்தான் கொதிக்கின்றன.

இன்னொன்று. இங்கே பனி கிடையாது என்பதால் பலர் ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இரும்பு பி-சீரிஸில் அது துருவோடு போகும். அலுமினிய வி8இல் ஹெட்டின் தண்ணீர் வழிகளையும் கேஸ்கெட் உட்காரும் முகத்தையும் அரித்துவிடும். அலுமினியத்துக்கு ஏற்ற கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பானெட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்துத் தூக்கினால் சூடு வெளியேறும் என்றும் சொல்வார்கள். கார் ஓடும்போது கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் அதிகம், அந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளேதான் வரும். அதைச் செய்யாதீர்கள். ஏர்கான் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லி ரேடியேட்டரைப் பெரிதாக வாங்குங்கள். பிறகு கண்டென்ஸரை முன்னால் நுழைத்தால் இந்தக் கணக்கு எல்லாம் மாறிவிடும்.

விசிறிகளுக்கு மின்சாரம் வேண்டும். 1970களின் 16ஏசிஆர் ஆல்டர்னேட்டர் 34 ஆம்பியர் தரும். இரண்டு விசிறி, விளக்கு, வைப்பர் சேர்ந்து மழை நாள் நெரிசலில் ஓடினால் பேட்டரி மெல்ல இறங்கும். 65 ஆம்பியருக்குக் குறையாத ஆல்டர்னேட்டரும் தடித்த கேபிளும் போடுங்கள். உங்கள் காரில் இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். அவற்றுக்குப் பதில் ஒரே 12 வோல்ட் வைத்து, இன்ஜினுக்கும் உடலுக்கும் நடுவே புதிய எர்த் பட்டை போடுங்கள். விசிறி ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ். சாவியை அணைத்த பிறகும் மூன்று நான்கு நிமிடம் ஓடும் டைமர் ஒன்றும் இருந்தால் நல்லது, ஏனென்றால் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து இன்ஜின் கிளம்பாமல் போகும். கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத தடித்த ஸ்பேசரும் ஒரு தகடும் இதைப் பெரும்பாலும் தீர்க்கும். பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்டிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள்.

கியர் விகிதத்தில் நான் பார்த்தவரை குழப்பமே மிச்சம். உங்கள் பின் ஆக்ஸிலின் விகிதம் 3.9. 185/70 ஆர்14 டயரோடு 90 கிலோமீட்டர் வேகத்தில் நேர்கியரில் (நான்காவதில்) இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்று சுற்றும். தொழிற்சாலை வி8இன் 3.07 ஆக்ஸிலில் அது 2,400. அதோடு எஸ்டி1 பெட்டியின் ஐந்தாம் கியரும் சேர்ந்தால் 1,900தான். நம் விரைவுச்சாலைகளில் 90க்கு மேல் போக முடியாது. ஐந்தாம் கியர் வெறும் அலங்காரமாகிவிடும். மாறாக 3.9ஐ அப்படியே விட்டால் முதல் கியர் ஒரு சந்திப்பைத் தாண்டுவதற்குள் தீர்ந்துபோகும், ஈரச் சாலையில் டயர் சுழலும். எம்ஜிபியின் ஆறு சிலிண்டர் வடிவமான எம்ஜிசியில் வந்த 3.3 விகிதம் நடுவில் நன்றாக உட்காரும்: நான்காவதில் சுமார் 2,600, ஐந்தாவதில் 2,100க்குக் கொஞ்சம் குறைவு. ஜிடியில் வந்த குழாய் வகை ஆக்ஸில் கூடு வலுவானது, சாதாரண 3.5ஐத் தாங்கும். ஆனால் இலை ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு பின் ஆக்ஸில் குதிக்கும். அதைத் தடுக்கும் கம்பிகளை முதலிலேயே போட்டுவிடுங்கள். உங்கள் நான்கு கியர் பெட்டி வி8இல் நேராகப் பூட்டாது, எஸ்டி1 பெட்டிக்கு டன்னலை (இருக்கைகளுக்கு நடுவே கியர்பாக்ஸை மூடும் தகட்டை) கொஞ்சம் விரிக்க வேண்டும், பின் தாங்கியும் மாறும். புரப்பெல்லர் தண்டை வெட்டியபின் பேலன்ஸ் செய்யாமல் மாட்டவே கூடாது.

விகிதத்தை மாற்றிவிட்டு ஸ்பீடோமீட்டரை மறந்துவிடுவது பெரிய ஆபத்து. 3.9க்கு அமைந்த மீட்டரும் கேபிள் பல்லும் அப்படியே இருக்க, 3.07 ஆக்ஸில் போட்டால் முள் 70 காட்டும்போது கார் 90இல் போய்க்கொண்டிருக்கும். வேகக் கேமரா உங்கள் முள்ளைப் பார்க்காது. ஜிபிஎஸ் வைத்து ஒப்பிட்டு மீட்டரைத் திருத்தி வாங்குங்கள்.

பிரேக்கை இன்ஜின் போட்ட பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். பழைய இன்ஜின் இருக்கும்போதே செய்துவிடுங்கள். தொழிற்சாலை வி8க்குத் தடித்த டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் வந்தன. குறைந்தபட்சம் அது வேண்டும். மலேசிய நெடுஞ்சாலையில் 110இல் போவீர்கள் என்றால், 90இல் நிறுத்துவதைவிட ஒன்றரை மடங்கு ஆற்றலை பிரேக் விழுங்க வேண்டும். ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள், பிரேக் மிதிக்கு உதவும் சர்வோ இருந்தால் அதையும் சோதியுங்கள். டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் உறிஞ்சியபின் 155க்கு இறங்கலாம். நம் காற்றில் அது சீக்கிரம் உறிஞ்சும். 45 நாள் மட்டும் ஓடும் கார் என்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

முதல்முறை கிளப்பும் நாளில் இன்ஜினைக் கெடுப்பது பெரும்பாலும் அவசரம். ரோவரின் எண்ணெய் பம்ப் காய்ந்திருந்தால் தானாக எண்ணெயை இழுக்காது. பம்ப் மூடியைக் கழற்றி, பற்களுக்கிடையே வாஸ்லின் நிறைய அடைத்து மூடுங்கள். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிவிட்டு, அந்தத் துளை வழியாக பம்ப் தண்டை டிரில்லால் சுற்றுங்கள். அழுத்தமுள் எழுந்து, ராக்கர்களில் எண்ணெய் வழிவதைக் கண்ணால் பார்த்தபின் டிஸ்ட்ரிபியூட்டரை வையுங்கள். எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. 5ம் 7ம் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், அடுத்தடுத்து எரிபவை. அவற்றின் பிளக் வயர்கள் இணையாக ஒட்டிப் போனால் ஒன்றின் மின்சாரம் மற்றதில் தூண்டப்பட்டு 7 நேரத்துக்கு முன்னால் வெடிக்கும், பிஸ்டன் போகும். அந்த இரண்டையும் கிளிப் வைத்துப் பிரித்து விடுங்கள். புதிய கேம் போட்டிருந்தால் கிளம்பியதும் ஐட்லிங்கில் விடாமல் 2,000க்கும் 2,500க்கும் இடையே இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். ஐட்லிங்கில் லோப்புக்கு எண்ணெய் போதாது. முதல் இருபது நிமிடத்திலேயே புதிய கேம் தேய்ந்துவிடும். அதனால் தண்ணீர் ஒழுகல், டைமிங், விசிறி எல்லாவற்றையும் கிளப்புவதற்கு முன்பே சரிபார்த்து வையுங்கள். எண்ணெய் 20டபிள்யூ-50, துத்தநாகச் சேர்க்கை உள்ள பழைய கார் வகை. சூடான பிறகு ஐட்லிங்கில் அழுத்தமுள் தாழ்ந்து நிற்பது இந்த இன்ஜினின் இயல்பு, பயப்படாதீர்கள். ஓட்டும்போது தாழ்ந்தால்தான் நிறுத்த வேண்டும்.

பட்டறைக்காரர் சொன்ன இரண்டு வாரத்தில் இன்ஜினை உள்ளே வைத்துவிடலாம், அது உண்மை. மேலே சொன்ன மற்றவற்றுக்கு அவர் நேரம் ஒதுக்கவில்லை. வி8 எம்ஜிபி ஒன்றை முன்பு முடித்து, அது இன்னும் ஓடுகிறதா என்று காட்டக்கூடியவரிடம் கொடுங்கள். மலேசியா சிங்கப்பூர் விண்டேஜ் கார் ரிஜிஸ்டர் உறுப்பினர்களிடம் விசாரித்தால் அப்படிப்பட்டவர் யார் என்று சொல்வார்கள். இன்ஜினுக்கு ஒரு வெள்ளி என்றால் குளிர்விப்பு, பிரேக், ஆக்ஸில், வயரிங் ஆகியவற்றுக்கு இரண்டு வெள்ளி எடுத்து வையுங்கள். அந்த இரண்டு இல்லையென்றால் இன்ஜினை இப்போது வாங்க வேண்டாம்.

மறுபடி எழுதும்போது ஆணையத்தின் பதில், பழைய இன்ஜினின் காய்ந்த, எண்ணெய் விட்ட இரு கம்ப்ரஷன் கணக்குகள், ஜொகூர் இன்ஜினின் எட்டுக் கணக்குகளும் பதினாறு வால்வு உயரங்களும், முன் சட்டத்தைக் குத்திப் பார்த்த இடங்களின் படங்கள் ஆகியவற்றை அனுப்புங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு ரேடியேட்டர் அளவையும் மேனிஃபோல்டையும் உங்களுக்குக் குறித்துத் தருகிறேன்.